இடது கையின் கடைசி விரல்கள்

என் மகனுக்கு,

உன் கடிதம் வந்து பல நாட்களாகிவிட்டன. வரிசைப்படுத்திக்கொள்ளாமல் எனக்கு எதையும் எழுத வராது என்பது உனக்குத் தெரியும். ஆகவே முதலில் வரிசையைச் சொல்லிவிடுகிறேன்.

1. கோல்ப் ஆட்டத்தில் பிசகுவது கை அல்ல, மனம். மனம் நிலைத்தால் கை தானாக நிலைக்கும்.
2. மட்டை வீச்சின் காலப்பிரமாணம். அதை மாறாமல் காப்பது எப்படி.
3. ஓர் அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவிலுள்ள நடையை என்ன செய்வது.
4. பெரிய துரைக்கு என்ன ஆயிற்று.
5. உன் இடது கை. அதைக் கல்யாணத்துக்கு முன்பே டாக்டரிடம் காட்டவேண்டியது.

ஐந்தாவதுதான் முக்கியம். அதை முதலில் எழுதியிருக்க வேண்டும். நான் பேனாவில் மை நிரப்பிக்கொண்டிருந்தபோது உன் அம்மா அறை வாசலில் நின்று, "நேரா விஷயத்த எழுத மாட்டீங்க நீங்க. கோல்ப்புன்னு ஆரம்பிச்சு, பட்டைக் கெடங்கு, பாலாறு, துரை பங்களான்னு ஊரெல்லாம் சுத்திட்டு வருவீங்க. அதுக்குள்ள கல்யாணமே முடிஞ்சிடும்" என்றாள். அவள் சொல்வது சரிதான். ஆனால் நீ கேட்டிருப்பது ஆட்டத்தைப் பற்றி. கேட்டதற்குப் பதில் சொல்லாமல் கேட்காததை எடுத்தவுடன் எழுதினால், நீ காகிதத்தைப் பாதியில் மடித்து வைத்துவிடுவாயோ என்று பயமாக இருக்கிறது. முழுவதையும் படி. பொறுமை இல்லாவிட்டால் ஐந்தாவதை மட்டுமாவது படி.

நீ எழுதியதையே உனக்குத் திருப்பிச் சொல்கிறேன். நான் சரியாகப் புரிந்துகொண்டேனா என்று பார்த்துக்கொள். பெங்களூர் கம்பெனியின் கிறிஸ்துமஸ் பந்தயத்துக்கு உன்னைச் சேர்த்திருக்கிறார்கள். வெள்ளைக்காரர்கள் நடுவில் நீ ஒருவன்தான் நம்மவன். ஆனால் ஐப்பசியிலிருந்து உன் வீச்சு ஒரு நாளைப் போல் ஒரு நாள் இல்லை. மட்டை உச்சிக்குப் போனதும் கைக்குள் தானாகத் திரும்பிவிடுகிறது. தை மாதம் கல்யாணம், புது வீடு, புது உத்தியோகம் என்று மனம் சிதறுவதால்தான் இப்படியோ என்று கேட்டிருக்கிறாய். அதற்குக் கீழே, வேடிக்கை போல ஒரு வரி. சுண்டுவிரலில் கொப்புளம் உடைந்து மட்டையின் பிடியெல்லாம் ரத்தமாம். பை தூக்குபவன் சொன்ன பிறகுதான் பார்த்தாயாம். வலியே தெரியவில்லையாம், கை அவ்வளவு பழகிவிட்டதாம். இதை நீ பெருமையாக எழுதியிருக்கிறாய். அந்த வரியைப் படித்ததிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

முதல் குறிப்பு. மனம்தான் பிசகுகிறது என்பதை நான் சொந்த அனுபவத்தில் கண்டேன். ஆம்பூரில் தோல் பதனிடும் ஷாப்பில் நான் கடிதப் போக்குவரத்து எழுதும் ரைட்டராக இருந்த காலத்தில், அதை நடத்திய பெரிய துரைக்கு ஆட்டத்துக்குத் துணை கிடைக்கவில்லை. அந்த வட்டாரத்தில் இன்னொரு வெள்ளைக்காரர் வேண்டுமென்றால் ரயில் ஏறிப் போகவேண்டும். ஆபீசில் இங்கிலீஷ் சரளமாகப் பேசக்கூடியவன் நான். அதனால் என்னை ஆடச் சொன்னார். வேண்டாம் என்று சொல்லும் தைரியம் எனக்கு இல்லை. அதுதான் நான் கோல்ப் கற்றுக்கொண்ட கதை. பாலாற்றங்கரையில் ஷாப்புக்குச் சொந்தமான பொட்டல் நிலத்தில் குழிகள் தோண்டியிருந்தார்கள். நம் ஊரில் புல் ஏது? குழியைச் சுற்றி, தோல் பதனிட்டு ஊறி முடிந்த ஆவாரம்பட்டைச் சக்கையைப் பரப்பி உருட்டியிருந்தார்கள். பந்து அதன்மேல் சத்தமில்லாமல் ஓடும். மேலே பருந்துகள் சுற்றிக்கொண்டே இருக்கும். தோலிலிருந்து சவ்வைச் சீவிக் கொட்டும் மேடு பக்கத்திலேயே இருந்தது.

பட்டைக் கிடங்கில் வேலை பார்த்த தாவூத் பாய்தான் ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் இருவர் பையையும் தூக்குவார். என் வயதுதான் அவருக்கும். முதல் நாள் நான் கோட்டு மாட்டிக்கொண்டு போனதைப் பார்த்து, "இன்னா ரைட்டரே, பட்டன் எல்லாம் போட்டுக்கினு வந்துட்டே? பந்துக்கு சம்மன் குடுக்கப் போறியா?" என்றார். சில மாதங்கள் கழித்து நான் ஓரளவு நேராக அடிக்கத் தொடங்கியபோது, "ரைட்டர் அடிக்கிற பந்து ஆபீசுக்குப் போற மாதிரியே போவுது. ரோட்ட வுட்டு எறங்கறதே இல்ல" என்றார். துரை இதை மொழிபெயர்க்கச் சொல்லிக் கேட்டு நெடுநேரம் சிரித்தார். என் பந்து அதிக தூரம் போகாது. ஆனால் நேராகப் போகும். காரணம், அடிக்கும்போது நான் எதையும் விரும்புவதில்லை. துரை தூரத்தை விரும்புவார். அந்த ஆசை தோளில் ஏறி மட்டையை அவசரப்படுத்தும். நீ பந்துக்கு முன் நிற்கும்போது, அது எங்கே போய் விழும் என்று நினைக்காதே, யார் பார்க்கிறார்கள் என்று நினைக்காதே. பந்தின் பின்புறத்தில் ஒரு புள்ளியை வைத்துக்கொண்டு அதை மட்டும் பார். மூச்சை வெளியே விட்டு முடித்த பிறகு மட்டையை எடு. உன் மனத்தில் குடியாத்தத்துப் பெண் இருக்கிறாளா, கம்பெனி மேனேஜர் இருக்கிறாரா என்பதை உன் கை உடனே காட்டிக்கொடுத்துவிடும். கையைத் திட்டிப் பயனில்லை.

இரண்டாவது, காலப்பிரமாணம். சங்கீதத்தில் பாடகர் பாட்டை எடுத்த காலத்திலேயே முடிக்கவேண்டும் என்கிறோம் அல்லவா, அதுவேதான் இங்கும். நீண்ட மட்டையானாலும் குட்டை மட்டையானாலும், நூறு கஜம் போகவேண்டிய பந்தானாலும் கையெட்டும் தூரத்துக் குழியானாலும் காலம் ஒன்றே. வீச்சின் அகலம்தான் மாறவேண்டும். எனக்கு அது பிடிபட்டது ஷாப்பின் பட்டைக் கொட்டகையில். ஆபீஸ் ஜன்னலுக்கு நேரே பெண்கள் ஜோடி ஜோடியாக நின்று ஆவாரம்பட்டை இடிப்பார்கள். உலக்கை நிதானமாக ஏறும். உச்சியில் ஒரு கணம் கனமே இல்லாததுபோல் நிற்கும். பிறகு தன் பாரத்தாலேயே விழும். தள்ளி இடிப்பவள் மதியத்துக்குள் களைத்துவிடுவாள். நான் கணக்கு எழுதும்போதும் கடிதம் நகல் எடுக்கும்போதும் அந்தச் சத்தம் காதில் இருந்துகொண்டே இருக்கும். பொட்டலில் மட்டையை எடுக்கும்போது அதையே மனத்தில் ஓடவிடுவேன். நீயும் அப்படிச் செய். உச்சியில் மட்டையின் கனம் தோளுக்குத் தெரியும்வரை பொறு. இறங்குவதை நீ செய்யாதே, அதுவே இறங்கட்டும். அவசரம் எல்லாம் உச்சியில்தான் வருகிறது. ஏறும்போது யாரும் அவசரப்படுவதில்லை.

இதற்குப் பிடி சரியாக இருக்கவேண்டும். வலது கை வெறுமனே கூட இருந்தால் போதும். மட்டையைத் தாங்குவது இடது கையின் கடைசி மூன்று விரல்கள். சுண்டுவிரலும் மோதிரவிரலும் தளர்ந்தால் உச்சியில் மட்டை திரும்பும். திரும்பிய மட்டையைக் கீழே வருவதற்குள் சரிசெய்ய வலது கை அவசரப்படும். காலப்பிரமாணம் அங்கேதான் உடைகிறது. இந்த இடத்தை எழுதிவிட்டு இன்று நான் வெகுநேரம் பேனாவைக் கீழே வைத்திருந்தேன். உன் அம்மா வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள்.

மூன்றாவதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மட்டையைப் பைக்குள் போடும்வரை அடித்த அடியைப் பற்றி என்ன வேண்டுமானாலும் நினைத்துக்கொள், சந்தோஷப்படு, வருத்தப்படு. மட்டை பைக்குள் போனதும் அந்த அடி முடிந்தது. நடக்கும்போது தூரத்தில் எதையாவது பார். எனக்கு ஆம்பூர் மலை இருந்தது. உனக்கு அங்கே மரங்கள் இருக்கும். பந்தை நெருங்கிய பிறகுதான் மறுபடி ஆட்டத்துக்குள் வரவேண்டும். எப்போதும் கவனமாக இருக்கவேண்டும் என்று முயல்கிறவனுக்குக் கவனம் பாதி ஆட்டத்திலேயே தீர்ந்துபோகும்.

நான்காவது. பெரிய துரை உடல்நிலை சரியில்லாமல் சீமைக்குத் திரும்பிப் போனார் என்று மட்டும்தான் உனக்குச் சொல்லியிருக்கிறோம். அப்போது நீ சின்னப் பையன். 1914-ம் வருஷத்து யுத்தம் இன்னும் தொடங்கியிருக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் உன்னையும் என்னோடு பொட்டலுக்கு அழைத்துப்போவேன். துரைக்குப் பிள்ளைகள் இல்லை. உனக்காகத் தம்முடைய பழைய மட்டை ஒன்றைப் பாதியாக அறுக்கச் சொன்னார். உன் பின்னால் மண்டியிட்டு உட்கார்ந்து, உன் கைகளின்மேல் தம் கைகளை வைத்துப் பிடி சொல்லிக்கொடுப்பார். இடது கையின் கடைசி விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி அழுத்துவார். வெயிலில் இருவர் கையும் வியர்த்திருக்கும். உனக்கு இது ஞாபகம் இருக்கிறதோ என்னவோ. எனக்கு இப்போது அதைத் தவிர வேறெதுவும் ஞாபகத்துக்கு வருவதில்லை.

அந்த வருஷத்தில்தான் துரையின் ஆட்டம் கெட ஆரம்பித்தது. உச்சியில் மட்டை திரும்பியது. பந்து பக்கவாட்டில் ஓடி முள்ளுக்குள் போனது. என்னிடம் அபிப்பிராயம் கேட்டார். நான் இன்று உனக்கு எழுதியிருக்கும் முதல் குறிப்பையே அவருக்கும் சொன்னேன். சீமையிலிருந்து தோல் விலை பற்றிக் கெட்ட தந்திகள் வந்துகொண்டிருந்தன. மனம் சிதறாமல் என்ன செய்யும் என்றேன். அவர் அதை ஏற்றுக்கொண்டார். பந்துக்கு முன்னால் நின்று கண்ணை மூடி மூச்சை விடுவார். அடித்த பிறகு கையைப் பார்ப்பார். "ரைட்டர், நம்பள் பேச்சு கை கேக்கலே. இது இன்னா பேஜார்?" என்பார். நான் நன்றாக ஆடத் தொடங்கியிருந்தேன். ஜெயிக்கப் பயந்து ஒருமுறை வேண்டுமென்றே பந்தை மேட்டுக்கு அப்பால் அடித்தேன். அவர் கண்டுபிடித்துவிட்டார். "நம்பள் பிச்சைக்காரன் இல்லே, ரைட்டர்" என்றார்.

கை மரத்துப்போனதைப் பற்றி யாரும் ஏன் யோசிக்கவில்லை என்று கேட்பாய். அவரும் மறைக்கவில்லை, நாங்களும் பார்க்காமல் இல்லை. கொப்புளம் வராமலிருக்க, சனிக்கிழமை மாலைகளில் துரை தம் கைகளைப் பட்டைத் தண்ணீரில் ஊறவைப்பார். ஆட்டுத்தோலைக் கெட்டிப்படுத்தும் நீர் ஆட்டக்காரன் கையையும் கெட்டிப்படுத்தும் என்பது அவருடைய கண்டுபிடிப்பு. நானும் அப்படிச் செய்தேன். பிற்பாடு உனக்கும் வீட்டில் வாளியில் கலந்து கொடுத்தேன். இன்றும் நீ அதைச் செய்வதாக எழுதுகிறாய். ஆகையால் துரைக்குச் சூடு தெரியவில்லை என்றால் பட்டை நன்றாக வேலை செய்கிறது என்று சிரித்தோம். ஷாப்பில் தோலை ஊறப்போடும் சுண்ணாம்புக் குழியில் நிற்பவர்கள் கை மரத்துப்போயிற்று என்றால் யார் டாக்டரிடம் ஓடுகிறார்கள்? ஒருநாள் துரையின் விரலிடுக்கில் சுருட்டு கனிந்து தோலைப் பொசுக்கியது. எனக்கு நாற்றம் வந்தது. அவர் பாலாற்றைப் பார்த்துப் பேசிக்கொண்டே இருந்தார். தாவூத் பாய்தான் சுருட்டைத் தட்டிவிட்டார். துரை விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "தோல்காரன் கை" என்று சிரித்தார். நாங்களும் சிரித்தோம்.

சில வாரங்கள் கழித்துப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டே தாவூத் பாய் மெதுவாகச் சொன்னார்: "ரைட்டரே, பட்லர் துரையோட கப்பு சாசரைத் தனியா எடுத்து வெச்சிட்டான். ஏன்டான்னு கேட்டா வாயத் தொறக்க மாட்றான். மெட்ராஸ்லேர்ந்து டாக்டர் வந்துட்டுப் போனாரே, அன்னிலேர்ந்து." நான் வம்பு பேசாதே என்றேன். "வம்பு இல்ல ரைட்டரே. நீயே போயி சமையக்கட்டுல பாரு" என்றார்.

அடுத்த ஞாயிறு துரை ஆட வந்தார். முதல் வீச்சிலேயே மட்டை அவர் கையைவிட்டுப் பறந்துபோய்ச் சக்கையில் விழுந்தது. நீ ஓடிப்போய் அதை எடுத்துவந்து நீட்டினாய். அவர் வாங்கிக்கொள்ளவில்லை. பின்னால் நகர்ந்தார். "ரைட்டர், குழந்தையை இனிமே கூட்டி வராதே" என்றார். நீ ஏதோ தப்பு செய்துவிட்டாய் என்று நினைத்து மன்னிப்புக் கேட்டேன். அவர் தலையை ஆட்டினார். "நம்பள் கை, அவன் கை மேலே... வேணாம். வீட்டுக்குப் போய் சோப்புப் போட்டுக் கழுவு" என்றார். திரும்பிப் பங்களாவை நோக்கி நடந்தார். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் நீ அழுதுகொண்டே வந்தாய்.

பிறகு நான் அவரைப் பார்க்கவில்லை. பங்களாவின் பின்புறம் ஒருநாள் காலையில் புகை எழுந்தது. மெத்தை, பிரம்பு நாற்காலிகள், மட்டைகள் எல்லாவற்றையும் போட்டு எரித்தார்கள். பிறகு சுண்ணாம்பு அடித்தார்கள். ஆபீசில் யாரும் எதுவும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. அது குஷ்டம் என்பதைப் பட்லர் ஊரைவிட்டுப் போகும்போது தாவூத் பாயிடம் சொல்லிவிட்டுப் போனான். உன் அம்மாவிடம் அன்றே சொன்னேன். அவள் உன்னை விளக்கருகில் நிறுத்தி உடம்பெல்லாம் பார்த்தாள். ஒன்றும் இல்லை. வருஷா வருஷம் பார்த்தாள். நீ மீசை முளைத்துக் கூச்சப்பட ஆரம்பித்த பிறகு நிறுத்திவிட்டாள். நாங்களும் மறந்துபோனோம். மறந்துவிட்டோம் என்று நினைத்துக்கொண்டோம்.

இனி ஐந்தாவது. போன தீபாவளிக்கு நீ வந்திருந்தபோது, கொதிக்கும் காப்பித் தம்ளரை இடது கையால் அடியோடு பிடித்தபடி பேசிக்கொண்டிருந்தாய். உன் அம்மா, "பாருங்க, உங்க புள்ளைக்குச் சூடு சொரணையே இல்ல" என்று கேலி செய்தாள். நீயும் சிரித்தாய். அவள் உள்ளே போனாள். வெகுநேரம் வெளியே வரவில்லை. அப்போதே உன்னிடம் கேட்டிருக்கலாம். பண்டிகை நாளில் வேண்டாம் என்று இருவரும் தனித்தனியே முடிவு செய்திருக்கிறோம். இப்போது உன் கடிதம் வந்ததும்தான் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டோம்.

நேற்று நான் தனியாக மிஷன் ஆஸ்பத்திரிக்குப் போனேன். இந்த நோய்க்கென்று வாரத்தில் ஒரு நாள், வெள்ளிக்கிழமை, பார்க்கிறார்கள். எங்கே நிற்பது என்று தெரியாமல் கண் வைத்தியத்துக்கு வந்தவர்களோடு போய் நின்றுவிட்டேன். விசாரித்து வேப்பமரத்தடிக்குப் போனபோது கம்பவுண்டர், "யாருக்குப் பெரியவரே, உங்களுக்கா?" என்றார். தெரிந்தவர் ஒருவருக்கு என்றேன். "எல்லாரும் தெரிஞ்சவருக்குன்னுதான் வராங்க. கைய நீட்டுங்க, கண்ண மூடுங்க" என்று சொல்லி, ஒரு புறா இறகை எடுத்து என் விரல்களில் தொட்டார். எங்கே தொடுகிறேன் என்று சொல்லச் சொன்னார். ஒவ்வொரு முறையும் சரியாகச் சொன்னேன். "ஒண்ணுமில்ல, போங்க" என்றார். மகனே, அந்த நேரத்தில் எனக்குச் சந்தோஷம் வந்தது. உன்னைப் பற்றிக் கேட்கப் போன இடத்தில் என் கையைப் பற்றிச் சந்தோஷம். கண்ணைத் திறக்க வெட்கமாக இருந்தது.

பிறகு உண்மையைச் சொன்னேன். மகன், பெங்களூரில் உத்தியோகம், சுண்டுவிரலில் பிடி நிற்கவில்லை, கொப்புளம் உடைந்தது தெரியவில்லை என்றேன். வேலை என்ன என்று கேட்டார். தோல் கம்பெனி என்றேன். "தோல் ஷாப்பு ஆளுங்கதான் எங்ககிட்ட லேட்டா வராங்க. மரத்துப்போனா சுண்ணாம்புன்னுடுவாங்க, பட்டைன்னுடுவாங்க. வெரல் மடங்குனப்புறம் வந்து அழுவாங்க. மடங்கிடுச்சா?" என்றார். தெரியாது என்றேன். "அப்போ சீக்கிரம் இட்டுக்கினு வாங்க" என்றார். நீரடிமுத்து எண்ணெயை ஊசியாகப் போடுகிறார்களாம். ஆரம்பத்திலேயே வருகிறவர்களில் பலருக்கு அத்தோடு நின்றுவிடுகிறதாம். எல்லோருக்கும் என்று அவர் சொல்லவில்லை. ஆகவே நானும் சொல்லமாட்டேன். வேறு ஏதாவதாகவும் இருக்கலாம், டாக்டர் பார்த்தால்தான் தெரியும் என்றார். அந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டுதான் வீட்டுக்கு நடந்து வந்தேன்.

குடியாத்தத்தில் பெண் வீட்டார் கல்யாணப் பத்திரிகை அச்சடிக்கக் கொடுத்துவிட்டார்கள். உன் மாமனாராகப் போகிறவர், தம் தறியில் உனக்கென்று வேட்டி நெய்துகொண்டிருப்பதாக ஆள் அனுப்பிச் சொன்னார். அந்தப் பெண்ணை நாம் ஒருமுறைதான் பார்த்திருக்கிறோம். உன்னைப் பார்த்ததும் தலையைக் குனிந்து சிரித்தாளே, அவ்வளவுதான் அவளை எனக்குத் தெரியும். டாக்டர் பார்த்துச் சொல்லும்வரை கல்யாணத்தை நிறுத்திவைக்க வேண்டும். காரணத்தை அவர்களிடம் சொல்லவும் வேண்டும். "மஞ்சள் காமாலைன்னு சொல்லித் தள்ளி வைக்கலாமே" என்று உன் அம்மா முதலில் சொன்னாள். சற்று நேரம் கழித்து அவளே, "வேணாங்க. அவங்களும் பொண்ணப் பெத்தவங்க" என்றாள். குடியாத்தத்துக்கு நான்தான் போகவேண்டும். எப்படிப் பேச்சைத் தொடங்குவது என்று இதுவரை தெரியவில்லை. ஆனால் நீ வந்து டாக்டரிடம் காட்டிக்கொண்ட பிறகு போவேன். போகமாட்டேன் என்று நீ நினைக்க வேண்டாம்.

உன் கையை நீயே சோதிக்கிறேன் என்று ஊசி, வெந்நீர் என்று எதையும் செய்யாதே, தெரியாமல் புண்ணாக்கிக்கொள்வாய். பட்டைத் தண்ணீரை இன்றே கொட்டிவிடு. பந்தயத்துக்கு வேறு ஆளைப் போட்டுக்கொள்ளச் சொல்லிவிடு. அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்று சொல், அது பொய்யும் அல்ல. வரும் வெள்ளிக்கிழமை காலையில் வந்துசேரும் வண்டியில் ஏறு. காட்பாடியில் நான் நிற்பேன். அங்கிருந்து நேராக ஆஸ்பத்திரிக்குப் போவோம். வேப்பமரத்தடியில் உன் பக்கத்தில் நானும் உட்காருகிறேன். தெரிந்தவர்கள் பார்ப்பார்கள். பார்க்கட்டும் என்று சொல்லிப் பழகிக்கொண்டிருக்கிறேன். இன்னும் சரியாக வரவில்லை, வெள்ளிக்கிழமைக்குள் வந்துவிடும்.

உறையில் போடுமுன் எல்லாவற்றையும் ஒருமுறை படித்தேன். இரண்டாவது குறிப்பில் எனக்குச் சந்தேகமில்லை. மூன்றாவதும் பரவாயில்லை. முதலாவதை அடித்துவிட்டு வேறு காகிதத்தில் எழுதலாமா என்று யோசித்தேன். வேண்டாம், நீ அதைப் பார்க்கவேண்டும். பிசகுவது மனம்தான் என்று அதில் அவ்வளவு உறுதியாக எழுதியிருக்கிறேன். துரைக்கும் அதைத்தான் சொன்னேன்; அவர் தம் மனத்தையே குற்றவாளியாக நிறுத்திவைத்து ஒரு வருஷம் ஆடினார், அந்த ஒரு வருஷத்தில் அவர் டாக்டரிடம் போயிருக்கலாம். உன்னையும் அதையே சொல்லி வளர்த்தேன். ஐப்பசியிலிருந்து நீ ஒவ்வொரு மாலையும் உன்னையே திட்டிக்கொண்டு அந்த மைதானத்தில் நின்றிருப்பாய். மனம் ஒரு தவறும் செய்யாமல் இருக்கும்போதே கை பிசகும். உன் மனம் நன்றாகத்தான் இருக்கிறது. முதல் குறிப்பு தவறு.

உன் அப்பா